வாசல்களை எண்ணியவர்கள்

நாவல் எழுதுகிறவன் ஒரு வீட்டைக் கற்பனை செய்தால், முதலில் வாசற்படிகளைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். கதாநாயகி கூடத்தில் விம்மிக்கொண்டிருந்தபோது வேலைக்காரி எந்த வழியாக உள்ளே வந்தாள் என்று யாராவது ஒரு வாசகர் கட்டாயம் கடிதம் எழுதிக் கேட்பார். இதே கேள்வியால் சரித்திரத்தையும் திறக்கலாம் என்று எனக்குக் காட்டியது, இங்கிலாந்தில் இருந்த கோல்ஸ்ஹில் என்னும் மாளிகை.

'இருந்த' என்றுதான் சொல்ல வேண்டும். பெர்க்‌ஷயரில் பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் ஸர் ரோஜர் பிராட் என்ற கனவான் தம் உறவினருக்காக அமைத்த அந்த மாளிகை 1952-ல் தீக்கிரையாயிற்று. அதற்கு முந்திய இத்தாலிய மாளிகைகளில் ஓர் அறைக்குப் பல கதவுகள் உண்டு. ரோமாபுரியில் ராபேல் வகுத்த வில்லா மடாமாவில் ஓர் அறை வழியாகவே மற்றோர் அறைக்குப் போகலாம். எஜமானர் உட்கார்ந்திருக்கும் இடத்தைத் தாண்டித்தான் தண்ணீர்ச் செம்பும் போகும், ஊர் வம்பும் போகும்! பிராட் இந்தக் கலகலப்புக்கு முற்றுப்புள்ளி வைத்தார். வீட்டின் நீளத்துக்கு நடுவே ஒரு நடை. அதன் இரு கோடிகளிலும் வேலையாட்களுக்கென்று தனிப் படிக்கட்டு. சாதாரண ஊழியர்கள் பிறர் கண்ணில் படாமல் நடமாடத்தான் இந்த ஏற்பாடு என்று காரணத்தையும் கூசாமல் எழுதிவைத்தார். 1978-ல் ராபின் எவன்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் இந்தச் சங்கதியை எடுத்து விரித்தார்.

பிறகு 1984-ல், லண்டனில் பில் ஹில்லியரும் ஜூலியன் ஹான்ஸன் அம்மையாரும் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். அவர்கள் முறை கோலம் போடுவது போன்றதுதான். அறைக்கு ஒரு புள்ளி, கதவுக்கு ஒரு கோடு. தெருவிலிருந்து எத்தனை கோடு தாண்டினால் எந்தப் புள்ளி என்று எண்ணினால், வீட்டில் யார் ஆழத்தில் இருந்தார்கள், யாரைத் தாண்டி யார் போனார்கள் என்பது துலங்கும்.

இப்போது யந்திரமும் இந்த வேலைக்கு வந்துவிட்டது. 2019-ல் பெரும்பாலும் ஃபின்லாந்து வீடுகளாக ஐயாயிரம் வரைபடங்களைத் திரட்டி, சுவர், கதவு, சமையலறை என்று மனிதர்கள் அடையாளமிட்டு, கம்ப்யூட்டருக்குப் பாடம் கற்பித்தார்கள். அதே ஆண்டு சீனத்தில் எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட வீட்டு வரைபடங்கள் சேர்ந்தன. யந்திரத்தின் சுறுசுறுப்பை நான் குறை சொல்ல மாட்டேன். ஆயினும் அதன் வாத்தியார் இட்ட பெயர்கள்தாம் அதற்குத் தெரியும். ஃபின்லாந்து வீடுகளில் பழகிய யந்திரத்துக்கு நீராவிக் குளியல் அறை தெரிந்திருக்கும். கோல்ஸ்ஹில் வரைபடத்தைக் காட்டினாலோ, அடுக்குமாடி வீட்டு நடைக்கும் பிராட்டின் நடைக்கும் ஒரே பெயரைச் சூட்டிவிடும். புள்ளியும் கோடுமாக மாற்றிக் கொடுத்தால், இரு கோடிப் படிக்கட்டுகளும் பெரிய கூடத்தை ஒதுக்கிச் செல்வதையாவது அது கண்டுகொள்ளக்கூடும். ஒதுங்கியவர்கள் யார் என்பதை அப்போதும் நாம்தான் சொல்ல வேண்டும்.

அந்த ஊழியர்களில் பெரும்பாலோர் தங்கள் கதையை எழுதிவைக்கும் நிலையில் இருந்தவர்கள் அல்லர். அவர்களுக்குச் சாட்சி அந்த வரைபடம்தான். தீயில் மிஞ்சிய சுவர்களை 1958-ல் இடித்துத் தள்ளிவிட்டார்கள்.