ஐப்பசிக் காய்ச்சல்

திருப்பூரில் ஐப்பசி மழை பிடித்ததும் பனியன் கம்பெனிகளில் இருமல் கிளம்பிவிடும். யாரைக் கேட்டாலும், "சீசன் காய்ச்சலுங்க, ரெண்டு நாள்ல செரியாப் போயிரும்" என்பார்கள். ஆனால் எந்த சீசன்? ஃப்ளூவைக் குளிர்கால நோய் என்றுதான் படித்திருக்கிறோம். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் அது சரி. குளிர்நாட்டுக்குத் துணி தைத்து அனுப்புகிற, குளிரே இல்லாத ஊருக்கு?

1918 அந்தக் கணக்கில் வராது. இன்ஃப்ளூயன்சா பம்பாயில் இறங்கியது ஜூனில். செப்டம்பரில் மூர்க்கமாகத் திரும்பி வந்து, அக்டோபர், நவம்பரில் சென்னை மாகாணத்தை உலுக்கியது. இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேல் செத்தார்கள். யாருடைய உடம்புக்கும் பழகாத கிருமி பருவத்துக்காகக் காத்திருப்பதில்லை. கப்பலும் ரயிலும் போதும். ஆனாலும் வானத்துக்கு அதில் பங்கு இருந்தது. அந்த வருஷம் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது, தானிய விலை ஏறியது. பசித்த உடம்பில் காய்ச்சல் இறங்கியது.

கிருமி பழசான பிறகுதான் பருவம் பேச ஆரம்பிக்கும். நியூயார்க்கின் மவுண்ட் சினாயில் பீட்டர் பலேசியின் குழு 2007இல் கினிப்பன்றிகளை வைத்து இதைச் சோதித்தது. அந்த விலங்கைத் தேர்ந்தெடுக்கத் துப்பு கொடுத்தது 1919இல் வந்த ஒரு மருத்துவக் குறிப்பு: கொள்ளைநோயின்போது ஓர் அமெரிக்க ராணுவ முகாமில் கினிப்பன்றிகளும் செத்திருந்தன. குளிர்ந்த, வறண்ட காற்றில் ஃப்ளூ கூண்டுவிட்டுக் கூண்டு சுலபமாகத் தாவியது. 20 டிகிரியில் ஈரப்பதம் 80 சதவீதம் ஆனதும் நின்றுபோனது. 30 டிகிரியில் காற்று வழியாகப் பரவவே இல்லை. ஆனால் ஒரே கூண்டில் சேர்த்து அடைத்தால் அந்தச் சூட்டிலும் பரவியது.

இந்தியக் கண்காணிப்புத் தரவு இன்னொரு கதை சொல்கிறது. ஸ்ரீநகரில் ஃப்ளூ உச்சம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. டெல்லி, புனே, கொல்கத்தாவில் மழைக்காலம். சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பர். அதாவது இங்கே காய்ச்சல் மழையின் பின்னாலேயே வருகிறது. ஏன் என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. மிக ஈரமான காற்றில் கிருமி மறுபடி தாக்குப்பிடிக்கிறது என்கிறார்கள் சிலர். மழை மனிதர்களை ஒரே கூரைக்குள் தள்ளுகிறது என்கிறார்கள் வேறு சிலர். எனக்கு அந்த ஒரே கூண்டுதான் நினைவுக்கு வருகிறது.

ஈரக்காற்றுக்கும் துணித்தொழிலுக்கும் பழைய உறவு உண்டு. வறண்ட காற்றில் பருத்தி நூல் அறுந்துபோகும். அதனால் லங்காஷயர் தறிக்கூடங்களில் நீராவியைப் பாய்ச்சினார்கள். நெஞ்சு கெடுகிறது என்று நெசவாளர்கள் போராடி, 1889இல் ஈரப்பதத்துக்குச் சட்டம் வரம்பு வைத்தது. 'ஏர் கண்டிஷனிங்' என்ற சொல்லையே 1906இல் உருவாக்கியவர் ஸ்டூவர்ட் கிராமர் என்ற அமெரிக்க மில் பொறியாளர். அவர் கவலை நூலைப் பற்றியது. மூச்சைப் பற்றியது அல்ல.

அந்த வரிசைமுறை இன்னும் மாறவில்லை. சாரல் அடித்தால் துணி நனையும், கறை படும், ஜன்னலைச் சாத்துவார்கள். தீபாவளி சமயம் என்பதால் ஷிப்ட் நீளும். செக்கிங் டேபிளில் தோளோடு தோள் நிற்பார்கள், ஃபேன் அதே காற்றைச் சுற்றும். அப்புறம் எல்லோரும் ஒரே வாரத்தில் பஸ் ஏறுவார்கள். இந்த இடத்தில் பருவம் என்பது பாதி வானிலை, பாதி ஆர்டர் தேதி.

எனக்குக் காய்ச்சல் வந்தால், வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று ஒரு மெசேஜ் போதும். பீஸ் ரேட்டில் ஓவர்லாக் ஓட்டுகிற அக்காவுக்கு ரெண்டு நாள் படுத்தால் ரெண்டு நாள் கூலி போச்சு. அதனால் மாத்திரை போட்டுக்கொண்டு வருவார். பக்கத்து மெஷினில் இருப்பவருக்கு அடுத்த வாரம் காய்ச்சல்.

மழையை நிறுத்த முடியாது. ஆனால் அது வரும் மாசம் நமக்குத் தெரியும். புரட்டாசிக்குள் தடுப்பூசி, துணி நனையாமல் காற்று மட்டும் வருகிற ஜன்னல், காய்ச்சலுக்குக் கூலியோடு ரெண்டு நாள் லீவு. ஷிப்மென்ட் தேதியை மூணு மாசம் முன்னாடியே குறித்து வைக்கிற ஊருக்கு இதையும் குறித்து வைப்பது கஷ்டமில்லை.