வெற்றிடப் பை முறை: மாதிரி விமானம் கட்டுவோருக்கான குறைந்த செலவுக் கருவிகளும் பொருட்களும்

வெற்றிடப் பை முறை என்பது, ரெசினில் நனைத்த கண்ணாடியிழைத் துணியையோ கரியிழைத் துணியையோ காற்றுப் புகாத பைக்குள் வைத்து, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி, வெளிக்காற்றின் அழுத்தத்தாலேயே துணியை அடிப்பொருளோடு இறுகப் படியவைக்கும் முறை. பட்டறைகளில் இதை வேக்கம் பேக்கிங் என்பார்கள். தேஜஸ் போர் விமானத்தின் உடற்கட்டு எடையில் ஏறத்தாழ 45 சதவீதம் இழைக் கலப்புப் பொருட்கள். அத்தகைய பாகங்களையும் முதலில் பைக்குள் அடைத்துக் காற்றை உறிஞ்சிய பிறகுதான் ஆட்டோகிளேவ் என்னும் வெப்ப அழுத்தக் கலனுக்குள் ஏற்றுகிறார்கள். மாதிரி விமானத்துக்கு ஆட்டோகிளேவ் வேண்டாம். பையும் பம்பும் போதும். காரைக்குடி போன்ற ஊரில் அவ்விரண்டையும் பிரிட்ஜ் மெக்கானிக், பலகாரம் பாக்கெட் போடும் கடை, தையல் சாமான் கடை, பிளம்பிங் கடை ஆகியவற்றிலிருந்தே திரட்டிவிடலாம். காசை எண்ணாமல் செலவழிக்க வேண்டியவை எபாக்சி ரெசினும் நல்ல துணியும் மட்டுமே.

செட்டிநாடும் விமானமும்

விமான ஆர்வம் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. கோட்டையூரில் 1909-இல் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் லண்டனில் இருந்த காலத்தில் விமானம் ஓட்டக் கற்றவர். பின்னாளில் ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனத்தையும் நடத்தினார். காரைக்குடியில் அவர் பெயரால் விளங்கும் பொறியியல் கல்லூரி 1952-இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செட்டிநாட்டுக்கு அருகே அமைக்கப்பட்ட ஓடுதளங்களின் தடம் இன்னும் தரையில் இருக்கிறது. இறக்கை வடிவத்தைக் கணினியில் வரைந்துவிட்டு, அதைக் கையில் எப்படிக் கொண்டுவருவது என்று யோசிக்கும் மாணவருக்கு இந்த மண்ணில் முன்னோடி உண்டு. அவருக்குக் குறைவது பெரும்பாலும் கருவி பற்றிய தெளிவுதான்.

எவ்வளவு உறிஞ்ச வேண்டும்

கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 760 மி.மீ. பாதரசம், கேஜில் ஏறத்தாழ 30 அங்குலம். காரைக்குடி தாழ்வான சமவெளி என்பதால் அந்த அழுத்தம் அநேகமாக முழுசாகக் கிடைக்கும். கொடைக்கானல் உயரத்தில் அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும்.

புதிதாகத் தொடங்குபவர் முழு 30 அங்குலத்தையும் எட்ட ஆசைப்படுவார். தெர்மாகோல் இறக்கைக்கு அது நாசம். ஒன்றரை மீட்டர் நீளமும் 20 செ.மீ. அகலமும் உள்ள இறக்கையின் ஒரு பக்கப் பரப்பு 0.3 சதுர மீட்டர். வெறும் 10 அங்குலம் உறிஞ்சினாலே அந்தப் பரப்பின் மேல் ஏறத்தாழ ஒரு டன் எடை சமமாகப் பரவி அழுத்தும். குமிழ் குமிழாகத் தெரியும் வெள்ளைத் தெர்மாகோல் 5 முதல் 10 அங்குலம் வரைதான் தாங்கும். வழவழப்பாக நீலம், இளஞ்சிவப்பு நிறங்களில் வரும் எக்ஸ்.பி.எஸ். நுரைப்பலகை ஏறத்தாழ 15 அங்குலம் வரை தாங்கும். அதற்கு மேல் போனால் நுரை நசுங்கி, கவனமாக அறுத்தெடுத்த வடிவம் கெட்டுவிடும். ஆகவே குறைந்த செலவில் செய்பவருக்கு வேண்டியது ஆழமான வெற்றிடமல்ல. ஓர் இரவு முழுக்க மாறாமல் நிற்கும் மிதமான உறிஞ்சல்.

பம்பு

இதற்கு மிகவும் கைகொடுப்பது பழைய பிரிட்ஜ் கம்ப்ரசர். காயலான் கடையில் எடைக்குக் கிடைக்கும் என்றாலும் மெக்கானிக்கிடம் வாங்குவதே நல்லது. காரணம் இரண்டு. ஸ்டார்ட்டிங் ரிலேயும் ஓவர்லோடும் கூடவே வரும். அவை இல்லாத கம்ப்ரசர் வெறும் இரும்பு. மற்றது பாதுகாப்பு: புதிய பிரிட்ஜ்கள் பலவற்றில் இருக்கும் ஆர்600ஏ என்பது ஐசோபியூட்டேன், தீப்பற்றும் வாயு. அதை முறைப்படி வெளியேற்றாமல் குழாயை வெட்டுவதோ பற்றவைப்பதோ கூடாது.

கம்ப்ரசரிலிருந்து பொதுவாக மூன்று செம்புக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று உறிஞ்சும் குழாய், ஒன்று வெளித்தள்ளும் குழாய், மூன்றாவது வாயு நிரப்புவதற்கானது. நிரப்பும் குழாயும் உறிஞ்சும் குழாயும் கம்ப்ரசரின் ஒரே வெளிக்கூட்டுக்குள்தான் திறக்கின்றன; ஓடவிட்டு விரல் வைத்துப் பார்த்தால் இரண்டுமே விரலை இழுக்கும். ஒன்றை நசுக்கி அடைத்துவிட்டு மற்றதில் ரப்பர் ஹோஸை மாட்டலாம். வெளித்தள்ளும் குழாய் காற்றோடு எண்ணெயையும் துப்பும். அதன் முனையை ஒரு பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் விட்டு, பாட்டிலின் வாயை மூடாமல் வைத்து, சேரும் எண்ணெயை அவ்வப்போது திரும்ப ஊற்ற வேண்டும். பிரிட்ஜில் இருந்தபோது திரும்பி வரும் குளிர்ந்த வாயுதான் மோட்டாரைச் சூடேறாமல் காத்தது. இங்கே அது இல்லை. அதனால் கம்ப்ரசரை இடைவிடாமல் ஓடவிடக் கூடாது.

ஏ.சி. மெக்கானிக்குகள் வைத்திருக்கும் வேக்கம் பம்பு இதைவிட வலுவானது. வாடகைக்கோ இரவலுக்கோ கிடைத்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் உறிஞ்சலைக் குறைத்து வைக்க, வேண்டிய அளவு காற்றை உள்ளே விடும் ஒரு சிறு திருகு வால்வு அதற்கு அவசியம். அதிகம் பேர் நினைத்துப் பார்க்காத இன்னொரு கருவி பால் கறக்கும் இயந்திரம். அதன் பம்பு மாட்டின் மடிக்கு ஏற்ப 12 முதல் 15 அங்குலத்தில் மணிக்கணக்கில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. எக்ஸ்.பி.எஸ். இறக்கைக்கு வேண்டிய அளவும் அதுவே. வீட்டு வேக்கம் கிளீனரை மட்டும் நாட வேண்டாம்: தன் வழியாக ஓடும் காற்றால் குளிரும் மோட்டார், காற்றோட்டம் நின்றதும் கருகிவிடும்.

கலனும் வால்வும்

பம்பு விட்டு விட்டு ஓட வேண்டும் என்றால் இடையில் ஒரு சேமிப்புக் கலன் தேவை. 110 மி.மீ. பி.வி.சி. பிரஷர் பைப்பில் ஒரு மீட்டருக்கு 8 லிட்டருக்குச் சற்று மேல் கொள்ளளவு உண்டு. இரண்டு மீட்டர் பைப்புக்கு இரு முனைகளிலும் மூடி ஒட்டினால் 16 லிட்டர் கலன் தயார். எண்ணெய் டின்னும் மெல்லிய தகர டிரம்மும் உள்நோக்கி நசுங்கும். கண்ணாடிக் குடுவை சிதறும். பழைய சமையல் எரிவாயு சிலிண்டரை வெட்டுவதும் துளைப்பதும் உயிருக்கே ஆபத்து. கம்ப்ரசருக்கும் கலனுக்கும் இடையே, காற்றை ஒரு திசையில் மட்டும் விடும் என்.ஆர்.வி. என்ற வால்வைப் பொருத்த வேண்டும். அது இல்லையென்றால் பம்பு நின்றதும் காற்று திரும்பி நுழையும். கலனில் வெற்றிடம் இருக்கையில் சில கம்ப்ரசர்கள் மறுபடி கிளம்பத் திணறும். என்.ஆர்.வி.க்கும் கம்ப்ரசருக்கும் நடுவில் ஒரு சிறு குழாய்த் திருகைத் திறந்து மூடினால் அந்தச் சுமை நீங்கும்.

கசிவைக் கணக்காலேயே புரிந்துகொள்ளலாம். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வெளிக்காற்று புகுந்தால், 16 லிட்டர் கலனில் நிமிடத்துக்கு 45 மி.மீ. அளவு வெற்றிடம் குறையும். அதாவது ஆறு நிமிடத்தில் 10 அங்குலமும் போய்விடும். பெரிய பம்பு வாங்குவது இதற்கு மருந்தல்ல. கசிவை அடைப்பதுதான் வழி. ஒரு மெல்லிய ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைப் பையின் ஓரமாக நகர்த்தினால் சீறல் சத்தம் கசிவைக் காட்டிக்கொடுக்கும். இதை ரெசின் கலக்கும் முன்பே, வெறும் பையை வைத்துச் செய்துவிட வேண்டும்.

பை

வெளிநாட்டு நைலான் படலத்துக்குப் பதிலாக, பிளாஸ்டிக் கடையில் எடை போட்டுத் தரும் பாலிதீன் டியூப் ரோலே போதும். 400 கேஜ், அதாவது 100 மைக்ரான் தடிமன் நல்லது. கசக்கினால் சலசலக்கும் பி.பி. கவரை விட மிருதுவான எல்.டி.பி.ஈ. டியூப் சிறந்தது, மடிப்பில் விரிசல் விடாது. எபாக்சி பாலிதீனில் ஒட்டாது என்பதும் ஒரு வசதி. 20 செ.மீ. அகல இறக்கையை அதன் நுரைப் படுக்கையோடு நுழைக்க, தட்டையாக 12 அங்குல அகலமுள்ள டியூப் சரியாக இருக்கும்.

டியூபுக்கு இரண்டே வாய்கள் என்பதால் அடைக்க வேண்டியதும் இரண்டே இடம். இங்கே செட்டிநாட்டின் பலகாரத் தொழில் கைகொடுக்கிறது. முறுக்கும் சீப்புச் சீடையும் அதிரசமும் பாக்கெட்டில் போட்டு விற்கும் கடைகளில் இருக்கும் சூட்டு சீலிங் மெஷினே இதற்குரிய கருவி. அருகருகே இரண்டு கோடாக அழுத்தினால் ஒன்று விட்டாலும் மற்றது காக்கும். ஹோஸ் நுழையும் இடத்துக்கு மட்டும் பியூட்டில் டேப் வேண்டும். பிசுபிசுப்பான அந்தக் கறுப்பு டேப்பை ஹோஸைச் சுற்றி மோதிரம் போல் ஒட்டி, அதன் மேல் பாலிதீனை அழுத்தினால் காற்று போகாது. செலோடேப்பை நம்பக் கூடாது.

உள்ளே போகும் அடுக்குகள்

நிக்ரோம் கம்பியைச் சூடாக்கி நுரைப்பலகையை அறுக்கும்போது, இறக்கை வடிவத்துக்கு மேலும் கீழுமாக இரண்டு மீதித் துண்டுகள் கிடைக்கும். அவைதான் இறக்கையின் படுக்கை. பலர் அவற்றைக் குப்பையில் போட்டுவிட்டுப் பிறகு முறுக்கிய இறக்கையோடு வருந்துவார்கள். பை இறுகும்போது நேரான கிரானைட் பலகை மேல் இந்தப் படுக்கைக்குள் இருந்தால்தான் இறக்கை நேராக இருக்கும்.

மேற்பரப்பு பளபளப்பாக வர, ரெசின் நனைத்த துணியை நேரே நுரை மேல் விரிக்காமல், மெழுகு பூசித் துடைத்த பாலியஸ்டர் தகட்டின் மேல் விரித்து, தகட்டோடு சேர்த்து இறக்கையில் கவிழ்க்கிறார்கள். தகட்டின் மேல் முதலில் பெயிண்ட் அடித்துவிட்டால் பெயிண்ட், துணி, நுரை மூன்றும் ஒன்றாகிவிடும். ஆத்தங்குடிக் கல் போடுகிறவர் கண்ணாடி மேல் முதலில் வண்ணத்தை ஊற்றிப் பின்னால் சிமென்ட் போடுகிறார் அல்லவா, வரிசையும் அதுவே, பளபளப்புக்குக் காரணமும் அதுவே. தகடு 0.25 முதல் 0.35 மி.மீ. தடிமன் இருந்தால் சிறப்பு. பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்துப் படிவத்தைக் கழுவிய பழைய எக்ஸ்ரே பிலிம் அதைவிட மெல்லியது. சிறிய வால் பகுதிகளுக்கு அது போதும்.

அச்சுக்குள் செய்யும் உடற்பகுதிக்கு வேறு அடுக்குகள். துணியின் மேல் உரித்தெடுக்கும் துணி வர வேண்டும். தையல் சாமான் கடையில் கிடைக்கும் பூச்சில்லாத நைலான் அல்லது பாலியஸ்டர் லைனிங் துணி இதற்கு ஏற்றது. பருத்தித் துணி ரெசினோடு ஒட்டிக்கொண்டு பிரியாது. அதற்கு மேல் குண்டூசியால் துளையிட்ட பாலிதீன், அதற்கும் மேல் காற்று ஓடுவதற்குத் தலையணை, ரஜாய் தைப்பவர்கள் வைத்திருக்கும் பாலியஸ்டர் பஞ்சு ஷீட். மிகுதி ரெசின் துளை வழியே பஞ்சுக்குப் போய்விடும். கையால் மட்டும் பூசினால் எடையில் பாதிக்கு மேல் ரெசினாகவே நிற்கும். பைக்குள் வைத்தால் அதை 40 சதவீதம் அளவுக்குக் கொண்டுவரலாம். கையால் சுழற்றி எறியும் எஃப்3கே வகைக் கிளைடருக்கு இறக்கை நீளம் 1.5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது போட்டி விதி. அந்த அளவு விமானத்தில் பத்து கிராம் ரெசின் கூடுதலும் பறப்பில் தெரியும்.

ரெசின்

செட்டிநாட்டிலிருந்து தென்கிழக்கே போனால் தொண்டிக் கடற்கரை. அங்கே மரவள்ளங்களின் இடத்தை ஃபைபர் படகுகள் பெருமளவு பிடித்துவிட்டன. கண்ணாடியிழை என்றதும் இந்தப் பக்கத்து மக்களுக்கு நினைவு வருவது படகுக்காரர்கள் பூசும் பாலியஸ்டர் ரெசின்தான். மலிவு, எளிதில் கிடைக்கும். ஆனால் அதிலுள்ள ஸ்டைரீன் தெர்மாகோலையும் எக்ஸ்.பி.எஸ்.ஸையும் கண்ணெதிரே கரைத்துவிடும். நுரை இறக்கைக்கு எபாக்சி தவிர வேறு வழியில்லை. இந்தியக் கல்லூரி ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் அரால்டைட் எல்.ஒய்.556-உம் ஹார்டனர் எச்.ஒய்.951-உம் எடையில் 100-க்கு 10 என்ற விகிதத்தில் கலக்கப்படுகின்றன. 0.1 கிராம் காட்டும் சிறு டிஜிட்டல் தராசு இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. பாலியஸ்டரில் வினையூக்கியைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றிய பழக்கத்தில் இங்கே ஹார்டனரைக் கூட்டினால், ரெசின் சீக்கிரம் இறுகாது, வலுவிழந்துதான் போகும்.

படகுக்குப் பயன்படும் நறுக்கிழைப் பாயும் இறக்கைக்கு உதவாது. ரெசினை அளவுக்கு மீறிக் குடிக்கும். சதுர மீட்டருக்கு 50 கிராம் அளவுள்ள நெய்த கண்ணாடியிழைத் துணி ஓர் அடுக்கு, இறக்கையின் நடுப்பகுதியில் இன்னோர் அடுக்கு, நீளவாக்கில் ஒரு கரியிழைப் பட்டை: சிறு விமானத்துக்கு இது போதுமான கட்டு.

கத்திரி வெயிலில் நண்பகலில் எபாக்சி கலக்கக் கூடாது. வெப்பம் 10 டிகிரி கூடினால் ரெசின் கையாளக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழப் பாதியாகும். கிண்ணத்தில் குவியலாக விட்டால் அதற்கும் முன்பே புகைந்து இறுகும். விடியற்காலையில் வேலையைத் தொடங்கி, கலந்த ரெசினை அகலமான தட்டில் பரப்பி வைப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு தொல்லை. ஈரக்காற்றில் இறுகும் எபாக்சியின் மேல் மெழுகு போன்ற படலம் படியும். தண்ணீரால் கழுவித் தேய்க்காமல் அதன் மேல் அடுத்த அடுக்கு ஒட்டாது. பைக்குள் இருக்கும் பரப்புக்கு இந்தத் தொல்லை குறைவு.

கரியிழையும் அலுமினியமும்

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடியில் அமைந்தது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-இல் திறக்கப்பட்ட அந்நிலையத்தின் முக்கியத் துறைகளில் ஒன்று உலோக அரிப்பு. மாதிரி விமானத்திலும் அந்த அரிப்பு உண்டு. கரியிழை மின்சாரம் கடத்தும். அலுமினியத்தோடு நேரே தொட்டுக்கொண்டு உப்பீரம் பட்டால் இரண்டும் ஒரு மின்கலமாகி அலுமினியம் அரிக்கும். கடற்கரையில் பறக்கவிடும் விமானத்தில் கரியிழைப் பட்டைக்கும் இறக்கையை இணைக்கும் அலுமினியத் தண்டுக்கும் நடுவே ஓர் அடுக்கு கண்ணாடியிழை வைத்தால் இது நேராது.

பாதுகாப்பும் விதிகளும்

எபாக்சி ஹார்டனர் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமையாக மாறக்கூடியது. ஒருமுறை வந்துவிட்டால் பிறகு சிறு அளவும் அரிப்பைக் கிளப்பும். நைட்ரைல் கையுறை கட்டாயம். தோலில் பட்டால் சோப்பால் கழுவ வேண்டும், தின்னரால் துடைக்கக் கூடாது. இறுகிய ஓரத்தைத் தேய்க்கும்போது பறக்கும் இழைத்தூளுக்கு முகமூடி அணிந்து, நீர் தொட்ட உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பையை ஓர் இரவு கழிந்தபின் பிரித்தாலும், எல்.ஒய்.556 போன்ற ரெசின் ஒரு முழு நாள் ஆகும் வரை இறக்கையை வளைத்துப் பார்க்கக் கூடாது.

2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகள், கல்வி, ஆராய்ச்சி, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்காகக் கண்ணுக்கெட்டும் தொலைவுக்குள் பறக்கவிடப்படும் 25 கிலோவுக்கு மிகாத தொலைக்கட்டுப்பாட்டு விமானத்தை மாதிரி விமானமாகக் கருதி, வகைச் சான்றிதழிலிருந்து விலக்கு அளிக்கின்றன. எங்கே பறக்கலாம் என்ற வான்வெளிக் கட்டுப்பாட்டுக்கு விலக்கில்லை. பறக்கவிடும் முன் அந்த இடத்தின் மண்டலத்தை டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.