ஒரு விமானத்தையும் இழக்காதவர்களா?



'ரெட் டெயில்ஸ்' (2012) படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். இரண்டாம் உலக யுத்தத்தில், வாலில் சிவப்பு வர்ணம் பூசிய விமானங்களில் பறந்த கறுப்பின அமெரிக்க விமானிகளின் கதை. நடிகர்கள் கறுப்பினத்தவர் என்பதால் ஹொலிவூட் நிறுவனங்கள் பணம் போடத் தயங்கின என்று தயாரிப்பாளர் ஜோர்ஜ் லூகஸ் சொன்னார். கடைசியில் சொந்தப் பணத்தில்தான் எடுத்தார்.

இந்த வரலாற்றின் வேர் 1925இல் இருக்கிறது. கறுப்பினத்தவர் அறிவிலும் துணிவிலும் குறைந்தவர்கள் என்று அமெரிக்க இராணுவக் கல்லூரியின் அறிக்கையொன்று அப்போது எழுதி வைத்தது. 1941இல்தான் அலபாமாவின் டஸ்கீகியில் அவர்களுக்கு விமானப் பயிற்சி தொடங்கியது, அதுவும் வெள்ளையரிடமிருந்து பிரித்து. 1946 வரை ஏறத்தாழ 1,000 விமானிகள் அங்கே உருவானார்கள். அவர்களின் தளபதி பெஞ்சமின் டேவிஸ் வெஸ்ட் பொயின்ட் இராணுவக் கல்லூரியில் படித்த 4 வருடமும் சக மாணவர்கள் அவரோடு பேசாமல் ஒதுக்கி வைத்தார்கள். அவர் 1936இல் பட்டம் பெற்றே வெளியேறினார்.

இவர்கள் காவல் சென்ற குண்டுவீச்சு விமானங்களில் ஒன்றைக்கூட எதிரி விமானங்கள் வீழ்த்தவில்லை என்று 1945 மார்ச்சில் ஒரு பத்திரிகை எழுதியது. பல பத்தாண்டுகள் எல்லோரும் அதையே சொன்னார்கள். பின்னர் விமானப்படை வரலாற்றாய்வாளர் டானியல் ஹோல்மன் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார். குறைந்தது 27 விமானங்கள் வீழ்த்தப்பட்டிருந்தன. அதே பணியைச் செய்த மற்றைய படைப்பிரிவுகளின் சராசரி இழப்பு 46.

வரலாறு படிப்பிக்கும் நாம் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 27 என்பது நல்ல சாதனைதான். பிறகு ஏன் பூச்சியம் தேவைப்பட்டது? ஒதுக்கப்பட்டவன் சமமாக மதிக்கப்படக் குறையே இல்லாதவனாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதற்குள் ஒளிந்திருக்கிறது. அதுவும் அநீதியின் இன்னொரு முகம்தான்.

1945 ஏப்ரலில் இந்தியானாவின் ஃப்ரீமன் தளத்தில், வெள்ளை அதிகாரிகளின் மன்றத்துக்குள் நுழைந்ததற்காகக் கறுப்பின அதிகாரிகள் கைது செய்யப்பட்டார்கள். பிரித்துவைக்கும் உத்தரவில் கையெழுத்திட 101 பேர் மறுத்தார்கள். 1948 ஜூலையில் ஜனாதிபதி ட்ரூமன் படைகளில் சமத்துவத்துக்கு ஆணையிட்டார்.

வெள்ளையருக்குக் கறுப்பரை விட மேன்மையில்லை என்று இறுதிப் பேருரையில் அறிவித்த நபி (ஸல்) அவர்கள், கறுப்பர் முதலில் சாதித்துக் காட்டட்டும் என்று நிபந்தனை போடவில்லை. படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். 27 என்ற எண்ணையும் சேர்த்தே சொல்லிக் கொடுப்போம்.