இரண்டு முட்டைகள்

அமெரிக்காவிலே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் போதைப் பொருளின் தீமையை விளக்குவதற்கு முட்டையை உபயோகித்தார்கள் என்றால் நம்புவதற்குச் சற்றுக் கஷ்டமாக இருக்கும். ஆனால் ஒரு தடவை அல்ல, நூறு வருஷ இடைவெளியில் இரண்டு தடவை உபயோகித்தார்கள்.

முதல் முட்டை 1880-களில் உடைபட்டது. வகுப்பு மேஜையின் மேல் ஒரு கண்ணாடிக் குவளை. அதில் பச்சை முட்டையின் வெள்ளைக் கரு. ஆசிரியை அதன் மேல் சாராயத்தை ஊற்றுவார். பளிங்கு போல் இருந்த கரு, பிள்ளைகளின் கண்ணெதிரே வெளுத்து, திரிந்து, கெட்டிப்பட்டுப் போகும். குடிக்கிறவனுடைய வயிற்றிலும் மூளையிலும் நடப்பது இதுதான் என்பார் ஆசிரியை. பின் வரிசைப் பையன்கள் கூட அன்றைக்கு வாயைத் திறந்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது முட்டை 1987-ல் டெலிவிஷனில் தோன்றியது. காய்ந்த வாணலியில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றினார்கள். அது சடசடவென்று பொரிந்தது. போதை மருந்து தின்றவனின் மூளை இப்படித்தான் என்று ஒரு குரல் அறிவித்தது. அவ்வளவுதான் விளம்பரம்.

குவளைக்கும் வாணலிக்கும் நடுவே உள்ள கதை சுவையானது. அதன் கதாநாயகி மேரி ஹண்ட் என்கிற அம்மையார். நாவல் எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு பாத்திரம் அகப்படுவது அபூர்வம். நல்லவரா, கெட்டவரா என்று தீர்மானிப்பதற்குள் நாலு அத்தியாயம் ஓடிப் போகும்.

அம்மையார் 1830-ல் கனெக்டிகட் ராஜ்யத்தில் பிறந்தவர். விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியை. கல்யாணமாகி மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்தில் ஹைட் பார்க் என்ற ஊரில் குடியேறினார். மகன் ஆல்பிரட் ரசாயனம் படித்தபோது தாயாரும் கூடவே படித்தார். படிப்பு மகனை உலோகத்தின் பக்கம் கொண்டு போயிற்று. பிற்காலத்தில் அமெரிக்காவின் மிகப் பெரிய அலுமினியக் கம்பெனியை ஸ்தாபித்தவர்களில் அவர் ஒருவர். தாயாரையோ சாராயத்தின் பக்கம் கொண்டு போயிற்று. குடிப்பதற்கு அல்ல, ஒழிப்பதற்கு.

அந்தக் காலத்து அமெரிக்கப் பெண்களின் நிலையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். கணவன் சம்பளத்தைச் சாராயக் கடையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தால், மனைவி செய்யக் கூடியது அழுவது ஒன்றுதான். அநேகமாக எந்த ராஜ்யத்திலும் அவளுக்கு ஓட்டு இல்லை. 1873-ஆம் வருஷக் கடைசியில் ஒஹையோ ராஜ்யத்துப் பெண்கள் துணிந்து ஒரு காரியம் செய்தார்கள். கூட்டம் கூட்டமாகச் சாராயக் கடைகளுக்குப் போய், வாசலில் பனியிலே முழங்காலிட்டுப் பிரார்த்தனை செய்தார்கள். பல கடைக்காரர்கள் வெட்கப்பட்டுக் கடையை மூடினார்கள். வெட்கம் கொஞ்ச நாள்தான் நிற்கும் அல்லவா? கடைகள் மறுபடியும் திறந்தன. 1874-ல் அந்தப் பெண்கள் கிறிஸ்தவ மாதர் மதுவிலக்குச் சங்கத்தை ஆரம்பித்தார்கள்.

மேரி ஹண்டுக்கு இந்த இடத்தில் ஒரு யோசனை உதித்தது. இன்றைக்கு ஓட்டுப் போடுகிற ஆண்பிள்ளைகளைத் திருத்துவது வீண் வேலை. இன்னும் பதினைந்து வருஷம் கழித்து ஓட்டுப் போடப் போகிறவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள்! அவர்களைப் பிடித்தால் போதும். முதலில் தம் ஊர்ப் பள்ளிக்கூடக் குழுவைப் பிடித்தார். 1880-ல் மாதர் சங்கத்தில் இதற்கென்று தனி இலாகா ஏற்பட்டு, அம்மையார் அதன் தலைவியானார். 1882-ல் வெர்மாண்ட் ராஜ்யம் முதல் சட்டத்தை இயற்றியது. சர்க்கார் பள்ளிக்கூடங்களில் உடற்கூறு பாடத்தோடு சாராயம் முதலிய போதைப் பொருள்கள் உடம்பில் செய்யும் வேலையையும் கற்பிக்க வேண்டும் என்பது சட்டம். 1886-ல் தேசியக் காங்கிரஸ் சபையே தன் நேர் ஆட்சியில் உள்ள பிரதேசங்களுக்கும் ராணுவக் கல்லூரிகளுக்கும் அப்படி ஒரு சட்டம் செய்தது. 1901-க்குள் அந்தத் தேசத்தில் இப்படிச் சட்டம் இல்லாத ராஜ்யமே இல்லை. ஓட்டு இல்லாத ஒரு ஸ்திரீ, ஓட்டு வாங்கி வந்த அத்தனை சட்டசபைகளையும் ஒவ்வொன்றாக வளைத்த கதை இது. வெறும் பிடிவாதத்தால் நடக்கக் கூடியது அல்ல. எந்த அங்கத்தினருக்கு எப்போது, எந்த ஊரிலிருந்து கடிதம் போக வேண்டும் என்ற கணக்கு அம்மையாருக்கு அத்துப்படி.

சட்டம் வந்தால் போதுமா? புத்தகம் வேண்டாமா? இங்கேதான் கதை திரும்புகிறது. பாடப் புத்தகங்களைப் பரிசீலித்து ஒப்புதல் கொடுக்கும் வேலையையும் அம்மையாரே எடுத்துக் கொண்டார். சிறுவர் புத்தகத்தில் நாலில் ஒரு பங்காவது போதைப் பொருள்களைப் பற்றி இருக்க வேண்டும். அந்தப் பாடத்தைப் புத்தகத்தின் கடைசியில் ஒதுக்கக் கூடாது. சாராயம் எந்த அளவிலும் விஷம் என்று திட்டமாகச் சொல்ல வேண்டும். இப்படி நிபந்தனைகள். ஒப்புதல் கிடைக்காத புத்தகம் விலை போகாது என்பதைப் பிரசுரகர்த்தர்கள் சீக்கிரமே தெரிந்து கொண்டார்கள். விஞ்ஞானிகள் எழுதிய புத்தகங்கள் அம்மையாரின் விருப்பப்படி திருத்தி எழுதப்பட்டன.

குவளையில் உடைத்த முட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பரிசோதனையில் பொய் இல்லை. கடுஞ்சாராயம் முட்டைக் கருவைக் கெட்டியாக்கத்தான் செய்யும். ஆனால் மனிதன் குடிக்கிற சாராயம் தண்ணீரிலும் ரத்தத்திலும் கரைந்து எத்தனையோ மடங்கு நீர்த்துத்தான் மூளைக்குப் போகிறது. மூளை முட்டையைப் போல் வெந்து போவதில்லை. அப்பா குடித்துவிட்டு வந்து, மறுநாள் காலை எழுந்து முகம் கழுவிக் கொண்டு, ஒழுங்காக வேலைக்குப் போவதைத் தினமும் பார்க்கிற பிள்ளைக்கு, ஆசிரியை காட்டிய முட்டையின் மேல் என்றைக்காவது ஒரு நாள் சந்தேகம் வராதா? முட்டையின் மேல் வந்த சந்தேகம் மற்றப் பாடங்களின் மேலும் வராதா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் குடிகாரர்கள் அல்ல. வில்பர் அட்வாட்டர் என்ற விஞ்ஞானி ஒரு பாதிரியாரின் மகன். கனெக்டிகட்டில் வெஸ்லியன் சர்வகலாசாலையில், ஒரு மனிதன் பல நாள் உள்ளேயே தங்கும்படியான அறை ஒன்றைக் கட்டியிருந்தார். உள்ளே இருப்பவன் உண்ணும் உணவு எவ்வளவு, அவன் உடம்பிலிருந்து வெளிப்படும் உஷ்ணம் எவ்வளவு என்று துல்லியமாக அளக்கும் அறை. கொஞ்சம் சாராயம் கொடுத்தும் அளந்து பார்த்தார். சிறு அளவில் உட்கொண்ட சாராயம் மற்ற உணவைப் போலவே உடம்பில் எரிந்து சக்தி தருகிறது என்று 1899-ல் சொன்னார். குடிக்கச் சொல்லவில்லை, குடிக்காமல் இருப்பதே மேல் என்பதுதான் அவர் கட்சியும். பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லுங்கள் என்றார், அவ்வளவே. மாதர் சங்கத்தார் அவர் மேல் பாய்ந்தார்கள். பிறகு 1903-ல் 'ஐம்பதின்மர் குழு' என்ற அறிஞர் குழு, பள்ளிக்கூடத்து மதுவிலக்குப் பாடங்களை அலசிப் பார்த்து, ஒப்புதல் பெற்ற புத்தகங்களில் விஞ்ஞானத்துக்குப் பொருந்தாத சங்கதிகள் நிறைய இருக்கின்றன என்று எழுதிற்று. அம்மையார் அசைந்து கொடுக்கவில்லை. அடுத்த வருஷமே நீளமான மறுப்பு ஒன்றை வெளியிட்டார்.

1906-ல் அவர் காலமானார். அப்புறம்தான் ஒரு விஷயம் வெளிவந்தது. ஒப்புதல் பெற்ற சில புத்தகங்களின் விற்பனையில் ஒரு பங்கு, அம்மையாரும் அவருடைய நண்பர்கள் சிலரும் மட்டும் இருந்த ஒரு சிறு சங்கத்துக்குப் போய்க் கொண்டிருந்தது. பாஸ்டனில் இருந்த காரியாலயத்தை அந்தப் பணம்தான் நடத்தியது. அந்தக் காரியாலயமேதான் அம்மையாரின் வீடும். மாதர் சங்கத்தார் தர்ம சங்கடப்பட்டார்கள். அவர் பணத்தாசை பிடித்தவர் என்று எனக்குத் தோன்றவில்லை. சம்பளம் வாங்காமல் உழைத்தவர். ஆனால் தம் காரியம் நல்லது என்ற நிச்சயம் மனத்தில் ஊறிப்போனவர்களுக்கு, கணக்குப் புத்தகத்தைப் பிறருக்குக் காட்ட வேண்டும் என்றே தோன்றாமல் போய்விடுகிறது.

அவர் போட்ட கணக்கு பலித்ததா? 1885-ல் பத்து வயசுப் பையனாக அந்த முட்டையைப் பார்த்தவனுக்கு 1919-ல் நாற்பத்துநாலு வயசு. அந்த வயசுக்காரர்கள் சட்டசபைகளில் உட்கார்ந்திருந்தபோதுதான் மதுவிலக்குத் திருத்தம் அமெரிக்க அரசியல் சட்டத்தில் ஏறியது. பாடப் புத்தகமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. யுத்தமும் வேறு பல சங்கதிகளும் உண்டு. அதே தலைமுறைதான் கள்ளச் சாராயமும் குடித்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1933-ல் மதுவிலக்கு எடுபட்டது.

பிறகு நடந்தவற்றில் வெகு காலத்தைத் தாண்டிவிடலாம். 1960-களில் கஞ்சாவும் ஹெராயினும் கல்லூரிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் வந்தன. அவசர அவசரமாகப் பயமுறுத்தும் சினிமாப் படங்களும் பிரசுரங்களும் வந்தன. 1973-ல், போதைப் பொருள்களை ஆராயச் சர்க்காரே நியமித்த தேசியக் கமிஷன், பள்ளிக்கூடங்களில் இந்தப் போதனையைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தால் நல்லது என்று சிபாரிசு செய்தது. விஷயம் சொல்லித் தருவதால் உபயோகத்தைவிட ஆவலே வளருகிறதோ என்ற சந்தேகம் அவர்களுக்கு!

நிறுத்தி வைக்க யாருக்குப் பொறுமை? 1983-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் போலீஸ் தலைவர் டேரில் கேட்ஸும் நகரப் பள்ளிக்கூட இலாகாவும் சேர்ந்து 'டேர்' என்ற திட்டத்தை ஆரம்பித்தார்கள். துணிவு என்று பொருள்படும் சொல். சீருடை அணிந்த போலீஸ்காரரே வகுப்புக்கு வருவார். வாரம் ஒரு பாடம், மொத்தம் 17 பாடம். முடிவில் பிள்ளைகளுக்குப் பட்டமளிப்பு விழா, பனியன், கைதட்டல். ஜனாதிபதி ரீகனின் மனைவியார் நான்ஸி அம்மையார் அதே சமயத்தில், யாராவது கொடுத்தால் "வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள் என்று ஊர் ஊராகப் பிள்ளைகளிடம் சொல்லி வந்தார். டேர் திட்டம் காட்டுத் தீ போல் பரவிற்று. உச்சத்தில் இருந்தபோது தேசத்துப் பள்ளி வட்டாரங்களில் நாலில் மூன்று பங்கு அதை நடத்தின. பெற்றோருக்குத் திருப்தி. போலீசாருக்குத் திருப்தி. பிள்ளைகளுக்கும் திருப்திதான், துப்பாக்கி வைத்திருக்கும் ஆசாமி சிநேகமாகப் பேசினால் எந்தப் பிள்ளைக்குத்தான் பிடிக்காது?

பிள்ளைகள் போதைப் பொருளைத் தொடாமல் இருந்தார்களா என்று எண்ணிப் பார்த்தபோதுதான் தொல்லை. அதுவரை நடந்த ஆராய்ச்சிகளை 1994-ல் ஒன்று சேர்த்துப் பார்த்தார்கள். பலன் மிகச் சொற்பம் என்று தெரிந்தது. கென்டக்கி ராஜ்யத்தில் பள்ளிப் பருவத்தில் பாடம் கேட்ட ஏறக்குறைய ஆயிரம் பேரைப் பத்து வருஷம் கழித்து, இருபது வயசில், தேடிப் பிடித்து விசாரித்தார்கள். 1999-ல் முடிவு வெளியாயிற்று. டேர் படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் போதைப் பொருள் விஷயத்தில் சொல்லத்தக்க வித்தியாசமே இல்லை. 2001-ல் நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை, பலனற்ற திட்டங்களின் வரிசையில் டேரைச் சேர்த்தது. பின்னால் அவர்களே பழைய பாடத்தைக் கைவிட்டு வேறு பாடத்துக்கு மாறினார்கள்.

எல்லாப் போதனையும் வீண் என்று அர்த்தமல்ல. நியூயார்க் ராஜ்யத்தில் 56 சர்க்கார் பள்ளிக்கூடங்களில் கில்பர்ட் பாட்வின் என்ற பேராசிரியர் வேறு வழியைச் சோதித்தார். பயமுறுத்தல் இல்லை. கூச்சத்தை எப்படிச் சமாளிப்பது, கோபத்தையும் கவலையையும் என்ன செய்வது, சிநேகிதன் வற்புறுத்தும்போது சிநேகத்தைக் கெடுத்துக் கொள்ளாமல் எப்படி மறுப்பது என்பன போன்ற பாடங்கள். நடித்துப் பழகவும் செய்தார்கள். ஆறு வருஷத்துக்குப் பிறகும் அந்தப் பிள்ளைகளிடம் புகையும் குடியும் கஞ்சாவும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்ததாக 1995-ல் அவர் காட்டினார்.

ஆனால் என் மனத்தைத் தொட்டது இதுவும் அல்ல. 1979-ல் நியூயார்க்கை அடுத்த வெஸ்ட்செஸ்டர் வட்டாரத்தில் ஆரம்பமான ஒரு சிறு ஏற்பாடு. தொழிற்சாலைகளில் குடிகாரத் தொழிலாளியை வேலையை விட்டு நீக்குவதற்குப் பதிலாக ஆலோசகரிடம் அனுப்பும் வழக்கம் ஏற்கெனவே வந்திருந்தது. அதையே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வந்தார்கள். உயர்தரப் பள்ளியில் ஓர் அறை; அதில் ஓர் ஆலோசகர். மார்க்குப் போடுகிறவரும் அல்ல, தண்டிக்கிறவரும் அல்ல. போதையில் சிக்கிய பிள்ளைகள் வந்தார்கள். அவர்களோடு, தாங்கள் ஒரு சொட்டும் தொடாத பிள்ளைகளும் வந்தார்கள். குடிகாரத் தகப்பனுக்கோ தாய்க்கோ பிறந்தவர்கள். அவர்களுக்கென்று தனிக் கூட்டங்களே ஏற்பாடாயின.

நூறு வருஷமாக அந்தப் பிள்ளை வகுப்பில்தான் இருந்தான். குவளையில் முட்டை வெளுத்தபோது முன் வரிசையில் உட்கார்ந்து, அப்பாவின் மூளையும் இப்படித்தான் ஆகிவிட்டதோ என்று வயிறு கலங்கியவன் அவன்தான். அவனுக்குச் சாராயத்தின் தீமையை யாரும் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. இன்று ராத்திரி அப்பா கதவைத் தட்டும்போது தம்பியை எங்கே படுக்க வைப்பது என்பதுதான் அவன் கேள்வி. அந்தக் கேள்விக்குக் காது கொடுக்க ஒரு நாற்காலி போட்டது 1979-ல்தான். பென்ஸில்வேனியா ராஜ்யம் 1990-ல் இப்படிப்பட்ட உதவி ஏற்பாடு ஒவ்வொரு பள்ளி வட்டாரத்திலும் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் செய்தது.

எதிர்த் திசையிலும் தேசம் நடக்காமல் இல்லை. விளையாட்டுக் கோஷ்டியில் சேரும் மாணவர்களின் சிறுநீரைச் சோதிக்கலாம் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2002-ல் பாட்டுக் கோஷ்டி முதலியவற்றில் சேருகிறவர்களையும் சோதிக்கலாம் என்றது. ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரு கதவு ரகசியம் காப்பதற்கு, இன்னொரு கதவு ரகசியத்தைப் பிடுங்குவதற்கு என்று ஆயிற்று. எந்தக் கதவைத் தட்டுவது என்று பிள்ளைகள் எப்படித் தெரிந்து கொண்டார்களோ!

இப்போது அங்கே இருக்கும் ஆபத்து பழைய ஆபத்து அல்ல. பென்டானில் என்ற மருந்து, கடுகத்தனை அளவே உயிரைக் குடிக்கக் கூடியது, போலி மாத்திரைகளில் கலந்து விற்கப்படுகிறது. மூச்சு நின்று போகும் தறுவாயில் மூக்கில் பீய்ச்சினால் பிழைக்க வைக்கும் மாற்று மருந்தும் உண்டு. நலாக்ஸோன் என்று பெயர். 2022 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் உயர்தரப் பள்ளி ஒன்றில் ஒரு மாணவி இறந்து போனாள். சில நாட்களுக்குள் நகரப் பள்ளிக்கூட இலாகா, தன் பள்ளிக்கூடங்கள் அனைத்திலும் அந்த மருந்தை வைக்கத் தீர்மானித்தது. 1983-ல் வகுப்புக்குப் போலீஸ்காரரை அனுப்பிய அதே இலாகாதான். மறு வருஷம் மாணவர்களே அந்த மருந்தைப் புத்தகப் பையில் வைத்துக் கொள்ளவும் அனுமதி கொடுத்தது.