வினையிற் பிறந்த ஆங்கிலப் பெயர்கள்

வினைச்சொல்லிலிருந்து அவ்வினையைச் செய்வோனுக்குப் பெயர் அமைத்தல் பல மொழிகளிலும் காணப்படும் இயல்பாகும். தமிழிற் 'செய்வோன்', 'செய்வது' என்னும்போது, ஈறே உயர்திணையையும் அஃறிணையையும் பிரித்துக் காட்டுகின்றது. 'வழிகாட்டி' போன்ற சொற்கள் இரு திணைக்கும் பொதுவாய் நிற்றலும் உண்டு. ஆங்கிலத்திலோ 'அர்' என ஒலிக்கும் ஈறு மனிதர்க்கும் பொருளுக்கும் ஒப்பவே வழங்குகின்றது. இச்சிறிய ஈற்றின் வரலாற்றினுள்ளே உழைத்த மக்களின், சிறப்பாகப் பெண்களின், வரலாறு மறைந்து கிடக்கின்றது.

பழைய ஆங்கிலத்தில் இவ்வீறு 'எரே' என வழங்கிற்று. இலத்தீனின் 'ஆரியுஸ்' என்னும் ஈறே இதற்கு மூலம் என்பர் மொழிநூலார். பாண் சுடுவோன் 'பேக்கர்' எனவும், எழுதுவோன் 'றைற்றர்' எனவும் பெயர் பெற்றது இவ்வாறே. அத்தொழிலைப் பெண் செய்யின் 'எஸ்திரே' என்னும் வேறோர் ஈறு வந்தது. பாண் சுடுபவளையும் நெய்பவளையும் குறித்த அப்பெயர்களே 'பாக்ஸ்ரர்', 'வெப்ஸ்ரர்' என்னும் குடும்பப் பெயர்களாக இன்றும் நிலைத்துள்ளன. நாளடைவில் ஆடவரும் இப்பெயர்களாற் சுட்டப்படவே, ஈறு தன் பெண்பாற் பொருளை இழந்தது. ஆதலின், தையற்காரியைக் குறிக்கப் பிரெஞ்சு ஈறொன்றையும் கூட்டிச் 'சீம்ஸ்ரஸ்' என அமைக்க வேண்டியதாயிற்று.

1066இல் நோர்மானியர் இங்கிலாந்தை வென்றபின் ஆட்சியிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி கோலோச்சியது. குத்தகைக்குக் கொடுப்போன் 'லெசோர்', பெறுவோன் 'லெசீ' என்னும் இணைப் பெயர்கள் அச்சட்ட மொழியின் எச்சங்களாம். செயலை ஏற்போனைக் குறிக்கும் 'ஈ' என்னும் ஈறு, பிற்காலத்தில் ஊழியனைச் சுட்டும் 'எம்ப்ளோயீ' என்னும் சொல்லிலும் இடம்பெற்றது.

பெண்பாற் பொருளை இழவாது எஞ்சிய சொல் 'ஸ்பின்ஸ்ரர்' ஆகும். 14ஆம் நூற்றாண்டில் நூல் நூற்பவளைக் குறித்த இச்சொல், 17ஆம் நூற்றாண்டிற் சட்ட ஏடுகளில் மணமாகாதவளைக் குறிப்பதாயிற்று. தன் கைத்தொழிலாற் பெயர் பெற்றவள், ஈற்றில் மணமின்மையாற் பெயர் பெற்றாள். இங்கிலாந்து, வேல்ஸ் திருமணப் பதிவேடுகளிலிருந்து இச்சொல் நீக்கப்பட்டது 2005ஆம் ஆண்டிலேயாம்.

இதனினும் வியப்புக்குரியது 'கொம்பியூற்றர்' என்னும் சொல்லின் வரலாறு. 1613இல் எழுத்திற் காணப்படும் இச்சொல் அன்று கணக்கிடும் மனிதனையே குறித்தது. அரச வானியலாளர் நெவில் மாஸ்கலின் 1767ஆம் ஆண்டுக்கெனத் தொடக்கிவைத்த கடற்பயணப் பஞ்சாங்கத்துக்குக் கணக்குச் செய்தோர் இப்பெயராலேயே அழைக்கப்பட்டனர். ஒரே கணக்கை இருவர் தத்தம் இல்லங்களிலிருந்து தனித்தனியே செய்ய, மூன்றாமவர் ஒப்புநோக்கினார். அவர்களுள் ஒருவர் மேரி எட்வர்ட்ஸ் அம்மையார். கணவர் பெயரிற் பணி நடைபெற்ற காலத்திலேயே பெரும்பகுதியைச் செய்தவர் அவரே. 1784இற் கணவர் இறந்தபின் தம் பெயராலேயே அப்பணியைத் தொடர்ந்தார்.

1946இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 'எனியாக்' என்னும் மின்னணுப் பொறி உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதனை முதன்முதல் இயங்கப் பணித்தோர், முன்னர் அப்பெயர் பூண்டு கணக்கிட்ட பெண்கள் அறுவர். அவர்தம் பெயரையே பொறி எடுத்துக்கொண்டது. நாளடைவில் அது மனிதரைச் சுட்டும் வழக்கு அருகி மறைந்தது.

தொழில் கைமாறும்போது பெயரும் உடன் கைமாறுகின்றது. முன்னர் உழைத்தோர் மறக்கப்படுகின்றனர். ஈறு, செய்வது யாதெனக் கூறுமேயன்றிச் செய்தவர் யாரெனக் கூறாது. அதனைக் கூறுதல் வரலாற்றின் கடனாகும். மாணவர் இலக்கணத்தை மனனஞ் செய்யும்போது, ஒவ்வொரு பெயருக்கும் பின்னே நின்று உழைத்தோரையும் எண்ணுவாராயின், மொழிக்கல்வி வரலாற்றுக் கல்வியுமாகும்.