நல்லெண்ணெயும் நரம்பும்

எள்ளின் நெய்யே எண்ணெய். தேங்காயிலிருந்து பெறுவதும், நிலக்கடலையிலிருந்து பெறுவதும், நிலத்தின் அடியிலிருந்து இறைப்பதும் இன்று எண்ணெய் என்றே வழங்கப்படினும், அச்சொல் தோன்றிய காலத்து எள்ளின் நெய்யொன்றையே குறித்தது. அந்நெய்யினையே தமிழ் மக்கள் பின்னர் நல்லெண்ணெய் எனச் சிறப்பித்தனர். அடுக்களையிலும், தலைமுழுக்கிலும், கோயில் விளக்கிலும், வைத்தியரின் மருந்துச் சாடியிலும் அதற்கு இடமுண்டு. இத்துணை நம்பிக்கைக்குரிய பொருள் 1977ஆம், 1978ஆம் ஆண்டுகளில் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் இருபதின்மருக்கு மேற்பட்ட இளம்பெண்களின் கால்களைச் சோரச் செய்தது. அந்நோயின் வரலாறு மருத்துவர்க்கு மாத்திரம் உரியதன்று. மனித உடலில் நரம்பு எவ்வாறு தொழிற்படுகின்றது, எவ்வாறு கெடுகின்றது, கெட்டபின் எவ்வளவிற்கு மீள்கின்றது என்னும் வினாக்களுக்கு அவ்வரலாற்றில் விடையுண்டு.

நோயின் போக்கு விந்தையானது. முதலிற் கெண்டைக்காலில் நோவும் தசைப்பிடிப்பும் தோன்றின. அதன்பின் பாதங்கள் வலுவிழந்து தொங்கின. நடக்க முயன்றால் கால்விரல்கள் நிலத்தில் உரசின. பின்னர்க் கைகளும் தளர்ந்தன. எனினும் தொடுகையையும் நோவையும் உணரும் ஆற்றல் பெரும்பாலும் கெடாதிருந்தது. அறிவு தெளிவாயிருந்தது, பேச்சிற் குறையில்லை.

இங்கே எழுந்த முதல் வினா, இந்நோய் இளம்பெண்களை மாத்திரம் பற்றியது ஏன் என்பதாகும். தொற்றுநோயைத் தொடர்ந்து நரம்புத் தளர்ச்சி உண்டாதல் உண்டு. ஆயின் அத்தகைய நோய் ஆண் பெண் என்றோ முதியவர் இளையவர் என்றோ இவ்வளவு கூர்மையாகப் பிரித்தறிந்து தாக்குவதில்லை. குடிநீரில் நஞ்சிருந்தால் அந்நீரை அருந்திய அனைவரும் நோயுற்றிருத்தல் வேண்டும். ஆகவே, அவ்வயதுப் பெண்கள் உட்கொண்டு ஏனையோர் உட்கொள்ளாத பொருள் யாது என்று தேடுதல் வேண்டியதாயிற்று.

விடை தமிழரின் வழக்கமொன்றில் இருந்தது. பெண் பூப்பெய்தியதும் அவளைச் சில நாள் வீட்டிலிருத்தி, உடல் வலுப்பெறும் பொருட்டுப் பச்சை முட்டையையும் நல்லெண்ணெயையும் கொடுத்தல் மரபு. மலைநாட்டில் மாத்திரமன்றி, யாழ்ப்பாணத்திலும், கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய பகுதிகளில் வாழும் தமிழர் வீடுகளிலும் இவ்வழக்கம் அறியப்பட்டதே. உழுத்தங்களி கிண்டும்பொழுதும் நல்லெண்ணெய் தாராளமாக வார்க்கப்படும். வீட்டிலுள்ள ஏனையோர் கறியிற் சில துளியாக உண்ணும் எண்ணெயை அப்பெண் ஒருத்தியே நாடோறும் மிகுதியாகக் குடிக்கின்றாள். எண்ணெயைச் சோதித்தபோது அதிலே திரைக்கிரெசைல் பொசுபேற்று என்னும் இரசாயனப் பொருள் கலந்திருந்தமை தெரியவந்தது. முன்னர்க் கனிப்பொருளெண்ணெய் வைத்திருந்த கொள்கலங்களில் நல்லெண்ணெயை ஏற்றி வந்தமையால் அது கலந்திருக்கலாம் எனக் கருதப்பட்டது. நிமால் சேனாநாயக்க, ஜே. ஜெயரத்தினம் ஆகிய இருவரும் இதனை 1981ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவ ஏடாகிய லான்செற்றில் வெளியிட்டனர்.

இந்நஞ்சின் பெயர் உலகிற்குப் புதியதன்று. எந்திரங்களுக்கு இடும் மசகெண்ணெயிலும், பிளாத்திக்கை இளக்குவதற்கும் அது பயன்படுகின்றது. நிறமும் மணமும் சுவையும் ஏறக்குறைய இல்லாதபடியால் உணவிற் கலந்தால் நாவும் மூக்கும் அதனைக் காட்டிக் கொடா. ஐக்கிய அமெரிக்காவில் மதுவிலக்கு நடைபெற்ற காலத்தில், யமேக்கா இஞ்சிச் சாறு என்னும் மருந்து மதுசாரம் மிக்கதாயிருந்தமையால் ஏழைகள் அதனை மதுவுக்குப் பதிலாக வாங்கிக் குடித்தனர். குடிப்பதற்கு இயலாதவாறு அதிற் குறித்த அளவு இஞ்சிப் பிசின் இருத்தல் வேண்டும் என்பது சட்டம். அதிகாரிகள் சாற்றை ஆவியாக்கி, எஞ்சிய பொருளை நிறுத்துப் பார்ப்பர். அச்சோதனையை ஏய்க்கும் பொருட்டு வணிகர் சிலர் இஞ்சிப் பிசினைக் குறைத்து, திரைக்கிரெசைல் பொசுபேற்றைச் சேர்த்தனர். 1930ஆம் ஆண்டிற் பல்லாயிரவர் கால் தளர்ந்தனர். அவ்வாண்டிலேயே அந்நாட்டுப் பொதுச் சுகாதார சேவையைச் சேர்ந்த மோரிசு சிமிது என்பவரும் அவருடன் உழைத்தோரும் நஞ்சினை இனங்கண்டனர்.

அறிந்த பின்னரும் அது ஓயவில்லை. 1959ஆம் ஆண்டில் மொறொக்கோவின் மெக்கினெசு நகரிலும் அதன் அயலிலும் ஏறத்தாழப் பதினாயிரம் பேர் நோயுற்றனர். அமெரிக்க விமானத்தளம் ஒன்றிலிருந்து கழிக்கப்பட்ட விமான எந்திர எண்ணெயைச் சமையலெண்ணெயுடன் கலந்து விற்றமையே அதற்குக் காரணம். இலங்கையில் நேர்ந்த துயரின் பின்னர், 1988இல் கல்கத்தாவின் பெகாலாப் பகுதியிலும் சமையலெண்ணெய் வழியாகச் சில நூற்றுவர் முடங்கினர். இவ்விடங்களில் துன்பம் பெரும்பாலும் மலிந்த விலைக்கு வாங்கி உண்ட எளியோரையே சேர்ந்தது.

இனி நரம்பின் பக்கம் நோக்குவாம். நஞ்சினை உண்டவுடன் கால் தளர்வதில்லை. ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை ஒருவர் நலமாகவே நடமாடுகின்றார். அதன்பின்னரே நோய் வெளிப்படுகின்றது. காலம் தாழ்ப்பது ஏன்? கையினும் காலை முதலிற் பற்றுவது ஏன்? இவ்விரு வினாக்களுக்கும் நரம்புக்கலத்தின் வடிவமே பெரும்பாலும் விடை தருகின்றது. தமிழில் நரம்பு என்னும் சொல் யாழின் தந்தியையும் குறிக்கும். அவ்வுவமை இங்குப் பொருந்தும். பாதத்தை அசைக்கும் நரம்புக்கலத்தின் உடல் முண்ணாணின் கீழ்ப்பகுதியில் இருக்கின்றது. கண்ணுக்குப் புலனாகாத அக்கலத்திலிருந்து புறப்படும் இழையோ ஏறக்குறைய ஒரு மீற்றர் நீண்டு காலின் தசைகளை அடைகின்றது. அவ்விழைக்கு வேண்டிய பொருள்களுட் பெரும்பாலானவை கலத்தின் உடலிலே ஆக்கப்பட்டு, இழையின் உள்ளேயே கடைக்கோடி வரை கொண்டுசெல்லப்படல் வேண்டும். நெடுந்தொலைவிலுள்ள ஊருக்கு ஒற்றைப் பாதையால் உணவு செல்வதை இது ஒக்கும். ஒழுங்கு குலைந்தால் முதலில் வாடுவது பாதையின் முடிவிலுள்ள ஊரே.

1969ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் மார்ட்டின் யோன்சன் என்பவர், இத்தகைய நஞ்சுகள் நரம்பிலுள்ள குறித்ததொரு புரதத்தைப் பற்றிக்கொள்கின்றன எனக் காட்டினார். அப்புரதம் ஒரு நொதியம். நஞ்சு உடலிற் சேர்ந்த சிறிது நேரத்துக்குள்ளேயே அது செயலிழக்கின்றது. ஆயினும் இழை உடனே அறுவதில்லை. நாட்கள் செல்லச் செல்ல அதன் கடைக்கோடி சிதைகின்றது. ஆகவே, தாயொருத்தி தன் மகளின் கால் தளர்வதைக் காணும்பொழுது, அவள் அருந்திய எண்ணெய் நினைவிலிருந்து அகன்றுவிடுகின்றது. காரணத்துக்கும் காரியத்துக்கும் இடையே கிடந்த இவ்வாரங்களே அந்நஞ்சினைக் கண்டுபிடித்தலை அரிதாக்கின.

இவ்வாராய்ச்சிகளுக்கு உதவிய உயிர் கோழியாகும். எலிக்கு இந்நோய் எளிதில் வெளிப்படுவதில்லை. வளர்ந்த பெட்டைக்கோழியோ மனிதனைப் போலவே இரண்டு வாரத்தின் பின் கால் சோர்ந்து விழுகின்றது. அதனினும் வியப்பு, குஞ்சுகள் அந்நோய்க்குத் தப்பிவிடுதலாகும். வயது கூடும்பொழுதே நரம்பு இந்நஞ்சிற்கு இலக்காகின்றது என்பது இதனாற் பெறப்படும். புதிய இரசாயனப் பொருளொன்று இவ்வகை நரம்புக்கேட்டினை விளைக்குமா என்பதைப் பெட்டைக்கோழியைக் கொண்டே சோதிப்பது பின்னர் வழக்கமாயிற்று.

இறுதி வினா மீட்சி பற்றியது. நோயுற்ற பெண்களைச் சேனாநாயக்க மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்தார். நோய் நரம்பிழைகளின் கடைக்கோடிகளையும், மூளையின் கட்டளைகளை முண்ணாண் வழியே கொண்டுவரும் பாதையினையும் ஒருங்கே தாக்கியிருந்தது. இவ்விரண்டின் இயல்பும் ஒன்றன்று. கை கால்களில் ஓடும் நரம்பிழை கெட்டால், கலத்தின் உடல் உயிருடன் இருக்குமளவும், அது நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் வீதம் மீண்டும் வளரக்கூடும். முண்ணாணுள் ஓடும் இழைகளோ அவ்வாறு வளர்வதில்லை. எனவே இந்நஞ்சுண்டவரிடம் ஒரு முரண்பாடு காணப்படும். முதலிற் கால் துவண்டிருக்கும். மாதங்கள் சென்று புற நரம்புகள் தேறும்பொழுது துவட்சி நீங்கும். அப்போதுதான் அதுவரை மறைந்திருந்த முண்ணாண் கேடு வெளிப்பட்டுக் கால் விறைக்கும். ஒரு கேடு ஆறியமையே மற்றொரு கேட்டினைக் காட்டிவிடுகின்றது. மலைச்சரிவில் ஏறிநின்று விரைந்த விரல்களாற் கொழுந்து கொய்து வாழவேண்டிய குடும்பத்துப் பெண்ணுக்கு, பாதத்தின் வலுவும் விரலின் நுண்மையும் வாழ்வின் முதல் என்பதை நினைவிற் கொண்டால், இம்மருத்துவக் குறிப்பின் பாரம் விளங்கும்.

இவ்வரலாற்றைக் கேட்டு மரபினைப் பழித்தல் எளிது. எள்ளிலே குற்றமில்லை, மகள் வலுப்பெற வேண்டுமெனக் கொடுத்த தாயின் கையிலும் குற்றமில்லை. குற்றம் கலத்தைச் சேர்ந்தது. அக்கலம் முன்பு எதனைச் சுமந்தது என்று கேளாதோரைச் சேர்ந்தது. வெறும் பீப்பாவும் தகரமும் போத்தலும் கைமாறி மீண்டும் பயன்படுவது கொழும்பின் கடைத்தெருக்களுக்குப் புதியதன்று. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் தீங்கு பயக்கும் பொருள் கலந்த உணவை விற்பதைத் தடைசெய்கின்றது. ஆயினும் எண்ணெய் வார்க்கப்படும் ஒவ்வொரு பீப்பாவின் அருகிலும் சட்டம் வந்து நிற்றல் இயலாது. பாத்திரத்தைத் துலக்கியபின்னரே பாலை வார்த்தல் வேண்டும் என்பது எந்த அடுக்களையிலும் சிறுபிள்ளைக்குக் கற்பிக்கப்படும் பாடம். அப்பாடம் அடுக்களையைக் கடந்து பண்டசாலைக்குச் செல்லாத குறையினை, இருபதின்மருக்கு மேற்பட்ட சிறுமியர் தம் கால்களில் தாங்கினர்.