ஈரலும் நீரிழிவும்: ஒரு காரணத் தேடலின் வரலாறு

நீரிழிவைச் சதையியின் நோயாக மட்டுமே கருதுவது நம் வழக்கம். எனினும், ஈரலே குருதிக்குச் சர்க்கரையை வழங்குகின்றது என்பதைப் பிரான்சிய உடற்றொழிலியலாளர் குளோட் பேர்னாட் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே நிறுவியிருந்தார். ஈரல் தழும்புற்று இறுகியோருட் பலர் நீரிழிவுக்கு ஆளாவதும் நெடுங்காலம் அறியப்பட்டதே.

1989இல் ‘சி’ வகை ஈரல் அழற்சி வைரசு இனங்காணப்பட்டதும் பழைய வினா புத்துயிர் பெற்றது. இறுகிய ஈரலுடையோருள்ளும் இவ்வைரசு தொற்றியோரிடமே நீரிழிவு மிகுந்திருந்தமையை 1994இல் இங்கிலாந்து மருத்துவர் சிலர் எடுத்துக்காட்டினர். அவ்வாறாயின் இறுக்கம் மட்டுமே காரணமாகாது. ஆனால், ஐயம் ஒன்று எஞ்சிற்று. நீரிழிவாளர் ஊசிக்கும் மருத்துவமனைக்கும் அடிக்கடி உட்படுவோர். அவ்வழியாகவே வைரசு அவர்களைச் சேர்ந்திருக்கலாமன்றோ? எது முந்தியது என்பதை எண்ணிக்கை மட்டும் கூறிவிடாது.

இங்கேதான் 2004இல் யப்பானிய ஆய்வாளர் வெளியிட்ட பரிசோதனை சிறப்புப் பெறுகின்றது. வைரசின் உட்கருப் புரதத்தை ஆக்கும் பரம்பரையலகைச் சுண்டெலிகளிற் புகுத்தினர். ஊசித் தொற்றுமில்லை, இறுகிய ஈரலுமில்லை. ஈரலிற் கொழுப்புப் படியுமுன்னரே அவற்றின் உடல் இன்சுலினுக்கு இணங்க மறுத்தது. அழற்சியைத் தூண்டும் ஒரு புரதத்தைத் தடுத்தபோது அவ்விணக்கம் மீண்டது.

மனிதரிடத்துச் சான்று பின்னர் வந்தது. 2013இன் இறுதியில் அமெரிக்காவில் அனுமதிபெற்ற சொபொஸ்புவிர் போன்ற மாத்திரைகள் சில மாதங்களில் வைரசை அகற்றின. குணமடைந்த நீரிழிவாளர் பலரின் சர்க்கரை தணிந்தது. எல்லோருக்குமன்று, உடற்பருமன் முதலிய காரணங்கள் நீங்காமையால். வியப்பு யாதெனில், அவர்களது கொலஸ்திரோல் ஏறிற்று. ஈரலின் கொழுப்புத் துணிக்கைகளிலேறிப் பயணஞ்செய்யும் இவ்வைரசு, அதுகாறும் அதனைத் தாழ்த்தி வைத்திருந்தது.